தமிழ் வகுப்புக்கு எது சரி: வலைப்பதிவா, வாட்ஸ்அப்பா, கையெழுத்துப் பத்திரிகையா?

தென்னாப்பிரிக்காவில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், மேரிட்ஸ்பர்க் நார்த்டேல் என்று எங்கே தமிழ் வகுப்பு நடத்துகிறவர்கள் நாலு பேர் கூடினாலும் இப்போது ஒரு பேச்சு தவறாமல் வருகிறது. பிள்ளைகளை வலைப்பதிவு எழுத வைக்கலாமா, வைத்தால் எப்படி வைப்பது? இளம் ஆசிரியர் ஒருவர் ஆளுக்கொரு வலைப்பதிவு என்பார். இன்னொருவர் வகுப்புக்கு ஒன்று போதும் என்பார். கமிட்டியில் இருப்பவர் "அதான் வாட்ஸ்அப் குரூப் இருக்கிறதே" என்பார். மூத்த ஆசிரியை ஒருவர், அந்தக் காலத்தில் கையெழுத்துப் பத்திரிகை போட்டோமே, அதற்கு என்ன குறைச்சல் என்று கேட்பார். எல்லோர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

நான் டர்பனில் ஒரு கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த வழிகளில் பெரும்பாலானவற்றைப் பிள்ளைகளோடு செய்து பார்த்தாயிற்று. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கிரேடு 4 முதல் 8 வரை உள்ள வகுப்பு என்றால், ஆசிரியர் கணக்கில் இயங்கும் ஒரே ஒரு வகுப்பு வலைப்பதிவு, உலகத்துக்குத் திறந்தது, ஆனால் பிள்ளையின் முகமோ முழுப்பெயரோ அதில் வராதது. அதற்கு முன்னால் எல்லாமே காகிதத்தில் பேனாவால் எழுதப்பட வேண்டும். உங்கள் வகுப்பின் நிலைமை வேறாக இருந்தால் முடிவும் மாறலாம், அதனால் காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எது இலவசம், எது பார்க்க அழகாக இருக்கிறது, எது போனில் சட்டென்று திறக்கிறது என்பதெல்லாம் அப்புறம். பிள்ளை எழுதுவதை யார் படிக்கப்போகிறார்கள், படித்தவர் பதில் சொல்ல வழி இருக்கிறதா என்பதுதான் என் அளவுகோல். நம் பிள்ளைகளுக்கு வீட்டில் ஆங்கிலம், பள்ளியில் ஆங்கிலம், அதற்கு மேல் ஆஃப்ரிகான்ஸோ இசிஜூலுவோ. தமிழ் கோயிலில் பாட்டாகவும், ஆயா தாத்தா வாயில் சில சொற்களாகவும் காதில் விழுகிறது, அவ்வளவுதான். 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு, குஜராத்தி, இந்தி, தெலுங்கு, உருது இவற்றோடு தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, இந்த மொழிகளை வளர்க்கவும் மதிக்கச் செய்யவும் மொழி வாரியத்துக்குக் கடமை உண்டு என்கிறது. அது பெரிய விஷயம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பத்து வயதுப் பிள்ளை தமிழில் நாலு வரி எழுதினால் அதைப் படிக்க வாத்தியாரைத் தவிர யாரும் இல்லை. வாத்தியாருக்கோ அதில் என்ன இருக்கும் என்று முன்பே தெரியும், ஏனென்றால் "எங்கள் கோயில்" என்று தலைப்புக் கொடுத்ததே அவர்தான். தெரிந்தவருக்கே தெரிந்ததை எழுதிக் காட்டச் சொன்னால் எந்தப் பிள்ளைக்கு எழுத வரும்?

இது புதுக் கவலையும் இல்லை. பிரான்சில் செலஸ்டின் ஃப்ரெனே என்ற ஆசிரியர் 1924இல் பார்-சுர்-லூப் என்ற ஊரில் தன் வகுப்பறைக்குள்ளேயே ஒரு சிறிய அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார். பிள்ளைகள் தாங்கள் எழுதியதைத் தாங்களே எழுத்துக் கோத்து அச்சடித்தார்கள். அந்தத் தாள்கள் தபாலில் நாட்டின் மறுகோடியில் பிரிட்டனியில் இருந்த இன்னொரு பள்ளிக்குப் போயின, அங்கிருந்தும் தாள்கள் வந்தன. மலையடிவாரத்துப் பிள்ளைகள் எழுதியதைக் கடற்கரைப் பிள்ளைகள் படித்தார்கள், புரியாததைத் திருப்பிக் கேட்டார்கள். வகுப்பு வலைப்பதிவு என்று இன்று நாம் சொல்வது இதைத்தான். அச்சு இயந்திரத்துக்குப் பதில் போன், தபாலுக்குப் பதில் டேட்டா. ஆகவே எந்த வழியை எடுத்தாலும் அந்த மறுகோடிப் பள்ளி நமக்கு எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அது இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல தளமாக இருந்தாலும் அது இன்னொரு கட்டுரை நோட்டுதான்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதைப் பற்றிக் கிரேடு 6 பிள்ளை ஒருத்தி எழுதினாள். மூன்றே வாக்கியம்: "ஆயா கூழ் காய்ச்சினார். நான் குடித்தேன். ரொம்பச் சூடு." நோட்டில் என்றால் நான் ஒரு சரி போட்டு, இன்னும் விரிவாக எழுது என்று குறித்திருப்பேன், அவளும் அடுத்த வாரம் "கூழ் சுவையாக இருந்தது" என்று ஒரு வரி சேர்த்திருப்பாள். ஆனால் அதை வகுப்பு வலைப்பதிவில் போட்டோம். தமிழ்நாட்டிலிருந்து ஒரு அம்மா கீழே கேட்டிருந்தார்: "உங்கள் ஆயா எந்த மாவில் காய்ச்சுவார்? எங்கள் வீட்டில் கேழ்வரகு." பிள்ளைக்கு அது தெரியவில்லை. வீட்டுக்குப் போய் ஆயாவிடம் கேட்டிருக்கிறாள். மீலி மீல், அதாவது மக்காச்சோள மாவுதான் என்று ஆயா சொல்லியிருக்கிறார், முதல் நாளே கரைத்துப் புளிக்க வைப்பது, மறுநாள் பெரிய பானையில் துடுப்பால் கிண்டுவது, தயிரும் பச்சை வெங்காயமும் கடைசியில் சேர்ப்பது, தன் அம்மா கரும்புத் தோட்டத்து லைன் வீட்டில் இருந்தபோது விறகு அடுப்பில் காய்ச்சியது என்று எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். அடுத்த சனிக்கிழமை அவள் ஒரு பக்கம் முழுக்க எழுதிக்கொண்டு வந்தாள். பிழைகள் நிறைய இருந்தன, "துடுப்பு" என்பதை எழுதத் தெரியாமல் படம் போட்டு வைத்திருந்தாள். ஆனால் அந்த ஒரு பக்கத்தை அவளிடமிருந்து நான் எந்தத் தலைப்புக் கொடுத்தும் வாங்கியிருக்க முடியாது. உண்மையிலேயே தெரியாத ஒருவர் உண்மையாகக் கேட்டார், அதனால் வந்தது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியாகப் பார்க்கலாம்.

வாட்ஸ்அப்பை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் எல்லோரிடமும் ஏற்கெனவே இருப்பது அதுதான். பெற்றோர் குரூப்பில் பிள்ளையின் நோட்டைப் படம் எடுத்துப் போடலாம், குரல் பதிவு அனுப்பலாம், ஆயா கூட அதைத் திறந்து பார்ப்பார். ஏர்டைம் கையிருப்புப் பார்த்து டேட்டா வாங்கும் குடும்பங்களுக்கு இதுதான் மலிவு, தனியாக ஒரு தளத்தைத் திறக்கச் சொன்னால் முகம் சுளிப்பவர்கள் கூட வாட்ஸ்அப்பை மறுப்பதில்லை. அதெல்லாம் சரி. ஆனால் அங்கே எழுத்து நிற்காது. சனிக்கிழமை போட்ட பிள்ளையின் நாலு வரி ஞாயிற்றுக்கிழமை காலை வணக்கப் படங்களுக்கும், கோயில் அறிவிப்புக்கும், யாரோ ஒருவரின் கார் விளக்கு எரிகிறது என்ற செய்திக்கும் அடியில் போய்விடும். போன வருடம் அவள் எழுதியதையும் இந்த வருடம் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வழியே இல்லை. குரூப்பில் இருக்கும் எல்லோருக்கும் எல்லோருடைய போன் நம்பரும் தெரியும் என்பது இன்னொரு சங்கடம், 13 வயதுக்குக் குறைந்தவர்கள் தாங்களாக வாட்ஸ்அப் கணக்குத் தொடங்கக் கூடாது என்பதும் அந்தக் கம்பெனியின் விதி. எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே படிக்கிறவர்கள் நம் ஆட்கள் மட்டுமே. "சூப்பர்" என்பார்கள், கைகூப்பும் படம் போடுவார்கள். எந்த மாவு என்று யாரும் கேட்க மாட்டார்கள், ஏனென்றால் எல்லோர் வீட்டிலும் மீலி மீல்தான்.

ஆகவே வாட்ஸ்அப்பைச் செய்தி சொல்லும் வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வலைப்பதிவில் புதிதாக ஒன்று வந்திருக்கிறது என்று இணைப்பை அனுப்ப அதைவிட நல்லது கிடையாது.

கையெழுத்துப் பத்திரிகையைப் பற்றிப் பேசும்போது எனக்கு மரியாதை குறையாது. காகிதத்தில் எழுதும் பிள்ளைக்கு ழகரத்தின் கால் எங்கே சுழிக்கிறது என்று கைக்குத் தெரியும். மண்டபத்துச் சுவரில் ஒட்டினால் கோயிலுக்கு வருகிறவர்கள் நின்று படிப்பார்கள், தன் பேத்தி எழுதியதைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசிக்கும் தாத்தாவைப் பார்த்த பிள்ளை அடுத்த இதழுக்கு எழுதாமல் இருக்காது. டேட்டா வேண்டாம், மின்சாரம் வேண்டாம். 2022லும் 2023லும் நாம் பட்ட லோட்ஷெடிங்கில் மாலை வகுப்புகள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நடந்ததை மறந்துவிட முடியுமா? ஆனால் அந்த ஒரே பிரதி ஒரே அலமாரியில்தான் இருக்கும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனில் வீடுகளும் பாலங்களும் போனபோது, எனக்குத் தெரிந்த ஒரு மண்டபத்தில் பல வருடத்துப் பிள்ளைகளின் எழுத்து ஒரே நாளில் சேறாகிவிட்டது. அதை எழுதியவர்களில் சிலருக்கு இப்போது சொந்தப் பிள்ளைகள் இருக்கிறார்கள், காட்ட ஒன்றும் இல்லை.

காகிதத்தையும் வலைப்பதிவையும் எதிரெதிரே நிறுத்துவதை விட்டுவிட்டால் இந்தக் குழப்பம் பாதி தீர்ந்துவிடும். எங்கள் வகுப்பில் முதல் வரைவு எப்போதும் காகிதம். பிள்ளை எழுதுகிறது, பக்கத்துப் பிள்ளை படித்து ஒரு கேள்வி கேட்கிறது, திருத்தி மறுபடி எழுதுகிறது. அந்தத் திருந்திய பக்கத்தைப் படம் எடுத்துப் பதிவின் மேலே போடுகிறோம், அதன் கீழே அதையே தட்டச்சு செய்து போடுகிறோம். படத்தில் கையெழுத்து, கீழே தேடிக் கண்டுபிடிக்கக்கூடிய எழுத்து. ஆயாவுக்குப் படம் பிடிக்கிறது, தெரியாத வாசகருக்கும் தேடுபொறிக்கும் எழுத்து வேண்டியிருக்கிறது.

காகிதத்தை முதலில் வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆங்கிலத்தில் எழுதி மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு எடுப்பது பிள்ளைகளுக்கு அரை நிமிட வேலை, இப்போது ஏஐ செயலிகள் கேட்டால் முழுக் கட்டுரையே தந்துவிடுகின்றன. ஒவ்வொரு வாக்கியத்திலும் "மற்றும்" வந்து, பிழையே இல்லாமல், கிரேடு 5 பிள்ளை வாயில் ஒருநாளும் வராத தமிழாக அது இருக்கும். அதைப் பிடித்துத் திட்டிக்கொண்டிருப்பதைவிட, வகுப்பில் என் கண்ணெதிரே பேனாவால் எழுதிய பக்கம் இருந்தால்தான் வலைப்பதிவில் இடம் என்று முதல் நாளே சொல்லிவிடுவது எல்லோருக்கும் நிம்மதி.

தட்டச்சு விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், பல வகுப்புகள் வலைப்பதிவைக் கைவிடுவது இந்த இடத்தில்தான். போனில் கூகுள் விசைப்பலகையை இறக்கி ஆங்கில எழுத்தில் "amma" என்று தட்டினால் அம்மா வந்துவிடும் என்று எல்லோரும் அதையே சொல்லிக்கொடுக்கிறார்கள். வேகமாக வரும், உண்மைதான். ஆனால் மேலே வரும் பரிந்துரைகளில் எது முதலில் இருக்கிறதோ அதைப் பிள்ளை தொட்டுவிடும், லகர ளகர ழகரத்தில் எது என்று அது யோசிக்கவே யோசிக்காது. நாம் வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுத்த எழுத்தை மறுபடி ஆங்கில எழுத்தாக மாற்றி நினைக்கப் பழக்குகிறது. தமிழ்99 வேறு மாதிரி. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த விசைப்பலகை அது. உயிர் எழுத்துகள் இடது கைப் பக்கம், மெய் வலது பக்கம். க தட்டி இ தட்டினால் கி. கரும்பலகையில் க் + இ = கி என்று நாம் எழுதிக் காட்டும் அதே கணக்கைப் பிள்ளை விரலால் செய்கிறது. அம்மா என்று எழுத அ, ம, ம, ஆ, இந்த நாலு தட்டு போதும், ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதுக்குப் புள்ளியைப் பலகையே வைத்துவிடும். ங வந்து க வந்தால், ந வந்து த வந்தால், அங்கேயும் புள்ளி தானாக விழும். உயிர்மெய்யை மனப்பாடம் செய்யத் திணறிய ஒரு பையனுக்கு இந்தப் பலகையில் சில வாரம் தட்டிய பிறகு எழுத்துக் கூட்டுவது பிடிபட்டதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். விண்டோஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன் மூன்றிலும் இது கிடைக்கிறது, தனியாகக் காசு கொடுத்து எழுத்துரு வாங்கிய காலமெல்லாம் யூனிகோடு பரவியதோடு போயிற்று. சின்ன வகுப்புக்குத் தமிழ்99, கிரேடு 9க்கு மேல் புதிதாக வந்து சேர்ந்து எழுத்து ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு அவரவர் விருப்பம் என்பது என் கருத்து.

சரி, வலைப்பதிவுக்குள் வருவோம். இங்கே இரண்டு தனித்தனி முடிவுகள் இருக்கின்றன, எல்லோரும் அதை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, ஆளுக்கொன்றா வகுப்புக்கொன்றா. மற்றது, திறந்ததா மூடியதா.

ஆளுக்கொரு வலைப்பதிவு என்பது கேட்க நன்றாக இருக்கிறது. தனக்கென்று ஒரு இடம், தனக்குப் பிடித்த நிறம், தன் பெயரில் முகவரி. மேட்ரிக், அதாவது கிரேடு 12 நெருங்கும் பிள்ளைகளில் நாலைந்து பேர் உண்மையாகவே எழுத ஆசைப்பட்டால் அவர்களுக்கு இதைத் தரலாம், தர வேண்டும். சின்ன வகுப்புக்கு இது நடக்காது. கூகுளின் வலைப்பதிவுத் தளமான பிளாகரில் கணக்குத் தொடங்க 13 வயது ஆகியிருக்க வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், பிள்ளைகளின் ஆர்வம் ஒரே சீராக இருக்காது. முதல் மாதம் எல்லோரும் எழுதுவார்கள், பரீட்சை வந்ததும் நின்றுவிடும், ஒரே ஒரு பதிவோடு பாதியில் நிற்கும் வலைப்பதிவுகள் வரிசையாகக் கிடக்கும். எங்கோ இருந்து வந்த வாசகர் அதைத் திறந்து பார்த்துவிட்டு இரண்டாம் தடவை வர மாட்டார். ஆசிரியருக்கோ அத்தனையையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும், பின்னூட்டங்களைக் கண்காணிக்க வேண்டும். சனிக்கிழமை இரண்டு மணி நேரம் சம்பளமில்லாமல் வந்து சொல்லிக்கொடுப்பவரிடம் அதைக் கேட்பது நியாயமே இல்லை. 2005இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய எடுபிளாக்ஸ் போன்ற கல்விக்கான தளங்களில் ஆசிரியர் ஒரே இடத்திலிருந்து மாணவர் வலைப்பதிவுகள் எல்லாவற்றையும் பார்த்து அனுமதிக்க வசதி உண்டு, கணினி அறை உள்ள முழுநேரப் பள்ளிக்கு அதை நான் தயங்காமல் சொல்வேன். கோயில் மண்டபத்துக்கு அது அதிகம்.

வகுப்புக்கு ஒன்று என்றால் வாரத்துக்கு இரண்டு மூன்று பதிவுகள் தாராளமாக வரும், வலைப்பதிவு எப்போதும் உயிரோடு இருக்கும். இந்த வாரம் எழுத வராத பிள்ளை பின்னூட்டம் எழுதலாம், இன்னொருத்தி எழுதியதற்குப் படம் வரையலாம், தாத்தாவின் பேச்சைப் பதிவு செய்துகொண்டு வரலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குறிச்சொல் கொடுத்துவிட்டால் அதைத் தொட்டதும் அவள் மூன்று வருடமாக எழுதியதெல்லாம் வரிசையாக வந்து நிற்கும், தனி வலைப்பதிவில் கிடைப்பதில் பெரும்பகுதி இதிலேயே கிடைத்துவிடுகிறது.

இனி திறந்ததா மூடியதா. பெற்றோர் கூட்டத்தில் அதிக நேரம் எடுக்கும் கேள்வி இது, எடுக்கவும் வேண்டும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், நாம் போபியா என்று சொல்வது, 2013இல் இயற்றப்பட்டு 2020 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது, இணங்கி நடக்க ஒரு வருட அவகாசமும் கொடுத்தார்கள். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் தகவலைக் கையாளப் பெற்றோரோ சட்டப்படி பொறுப்பானவரோ முன்கூட்டியே சம்மதிக்க வேண்டும். கோயில் வகுப்புதானே, நமக்கெல்லாம் எதற்கு என்று இதை ஒதுக்காதீர்கள். மேட்ரிக் முடிவுகளையே பெயர் இல்லாமல் தேர்வு எண்ணை மட்டும் போட்டு வெளியிடும் நாடு இது. பிள்ளையின் பெயர், பள்ளி, வீட்டுத் தெரு, முகம், சனிக்கிழமை எத்தனை மணிக்கு எந்த மண்டபத்தில் இருப்பாள் என்பது, இவை எல்லாம் ஒரே பக்கத்தில் சேர்ந்து கிடைத்தால் அது ஆபத்துதான்.

இந்தப் பயத்தில் பலர் மூடிய வலைப்பதிவுக்குப் போகிறார்கள். பிளாகரில் அழைக்கப்பட்டவர்கள் மட்டும் படிக்கும்படி வைக்கலாம், எழுதுபவர் படிப்பவர் எல்லாம் சேர்த்து 100 பேர் வரை சேர்க்கலாம். கூகுள் கிளாஸ்ரூமும் இதே மாதிரி மூடிய இடம்தான், வீட்டுப்பாடம் வாங்கித் திருத்திக் கொடுக்க அது அருமை. ஆனால் மூடிய வலைப்பதிவைப் படிக்க ஒவ்வொருவரும் கூகுள் கணக்கில் நுழைய வேண்டும், கடவுச்சொல் மறந்துபோன ஆயா அதோடு விலகிவிடுவார். அப்புறம் மிஞ்சுவது வாட்ஸ்அப் குரூப்பில் இருந்த அதே ஆட்களில் பாதிப் பேர்.

நான் திறந்த வலைப்பதிவின் பக்கம் நிற்பதற்குக் கூழ் மட்டும் காரணம் இல்லை. 1860 நவம்பர் 16 அன்று ஒப்பந்தக் கூலிகளோடு சென்னையிலிருந்து வந்த முதல் கப்பலான ட்ரூரோ டர்பனில் நின்றது நம் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும், ஒவ்வொரு நவம்பரிலும் அதைப் பற்றி எழுதச் சொல்கிறோம். அந்தக் கப்பல்களின் பயணிகள் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாணா (காவல் வட்டம்), கிராமம் எல்லாம் குறித்திருக்கிறார்கள். ஆங்கிலேய எழுத்தர் தன் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப்பெயர்கள் அவை. வட ஆற்காடு, செங்கல்பட்டு என்று ஜில்லா புரியும், கிராமம் எதுவென்று இங்கே உட்கார்ந்துகொண்டு நமக்குப் புரிவதில்லை. ஒரு பையன் தன் பாட்டனாரின் பாட்டனார் பெயரையும் அந்தப் புரியாத ஊர்ப்பெயரையும் அப்படியே போட்டு, "இது எந்த ஊர் என்று யாருக்காவது தெரியுமா?" என்று எழுதினால், அதற்குப் பதில் சொல்லக்கூடியவர் வேலூர்ப் பக்கத்திலோ ஆரணியிலோ இருப்பார். அவருக்கு நாம் அழைப்பு அனுப்பியிருக்க முடியாது, அவர் யாரென்றே நமக்குத் தெரியாது. தேடும்போது அவர் கண்ணில் நம் பக்கம் பட வேண்டும். அந்தக் கதவை மூடிவிட்டால் நம் பிள்ளைகள் இழப்பது தமிழ் புழங்கும் நாட்டுப் பிள்ளைகள் இழப்பதைவிட அதிகம். அவர்களுக்குத் தமிழ் படிக்கும் வாசகர் தெருவிலேயே கிடைப்பார்.

திறந்து வைத்து, காவலும் போட முடியும். பிள்ளை தனக்கொரு புனைபெயர் வைத்துக்கொள்ளட்டும், கயல், வேங்கை, மழை என்று. அதில் அவர்களுக்குக் கொள்ளை ஆசை, வகுப்பின் ஒரு மணி நேரம் அதிலேயே போகும், போகட்டும். படங்களில் கை, பானை, கோலம், கையெழுத்துப் பக்கம் வரலாம், முகமும் பள்ளிச் சீருடையும் வேண்டாம். மண்டபத்தின் பெயரும் வகுப்பு நேரமும் எழுத வேண்டாம். பெரிய வெள்ளியன்று இசிபிங்கோ ரயில் என்ற பகுதியில் உள்ள மாரியம்மன் கோயிலுக்குப் போனதைப் பற்றி எழுதினால் திருவிழா முடிந்து வீட்டுக்கு வந்த பிறகே வெளியிட வேண்டும். பின்னூட்டம் ஒவ்வொன்றும் ஆசிரியர் அனுமதித்த பிறகே தெரியும்படி அமைப்பில் மாற்றி வைக்க வேண்டும், ஒரு நாள் கூட அதைத் தளர்த்தக் கூடாது. பிள்ளையிடம் தனியாகப் பேச வேண்டும், மின்னஞ்சல் கொடு என்று கேட்பவரின் பின்னூட்டத்தை அழித்துவிட்டுக் கமிட்டிக்கும் பெற்றோருக்கும் அன்றே சொல்லிவிட வேண்டும். சம்மதப் படிவத்தில் பெற்றோருக்கு மூன்று தேர்வுகள் கொடுங்கள்: வலைப்பதிவில் போடலாம், சுவரில் மட்டும் ஒட்டலாம், இரண்டும் வேண்டாம். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்த வீட்டுப் பிள்ளையின் எழுத்துக்கும் அதே மதிப்பு வகுப்பில் இருக்க வேண்டும், அதை ஆசிரியர் தன் நடத்தையில் காட்ட வேண்டும்.

எழுதிப் போட்டாயிற்று, யாரும் வரவில்லை என்றால்? வராமல் இருக்க வாய்ப்பு நிறைய இருக்கிறது, 2004இல் தமிழ்மணம் தொடங்கி எல்லாத் தமிழ் வலைப்பதிவுகளையும் ஒரே பக்கத்தில் திரட்டிக் காட்டிய காலம் இல்லை இது. வாசகரை நாமே ஏற்பாடு செய்ய வேண்டும். இங்கிலாந்தில் போல்டன் நகரத்து ஆசிரியர் டேவிட் மிட்செல் 2011இல் ஒரு எளிய முறை கொண்டுவந்தார். நாலு பள்ளி வகுப்புகள் சேர்ந்துகொள்ளும், ஒரு வாரம் ஒரு வகுப்பின் வலைப்பதிவை மற்ற மூன்றும் படித்துப் பின்னூட்டம் எழுதும், அடுத்த வாரம் அடுத்த வகுப்பின் முறை. மாதத்தில் எல்லோருக்கும் ஒரு வாரம் கிடைத்துவிடும். நமக்கு இது அப்படியே பொருந்தும். சாட்ஸ்வொர்த் ஒன்று, மேரிட்ஸ்பர்க் ஒன்று, மொரீஷியஸில் ரோஸ் ஹில்லிலோ குவாத்ர் போர்ன்ஸிலோ ஒன்று, மலேசியாவில் ஒரு தமிழ்ப்பள்ளி வகுப்பு. மொரீஷியஸ் பிள்ளைகளின் தமிழ் ஏறக்குறைய நம் பிள்ளைகளின் தமிழ் அளவுதான் இருக்கும், அதனால் கூச்சம் இருக்காது. மலேசியப் பிள்ளைகள் வீட்டிலும் தமிழ் பேசுகிறவர்கள், அவர்கள் எழுதுவதைப் படிக்க நம் பிள்ளைகள் முயற்சி எடுக்க வேண்டியிருக்கும், அதுவும் நல்லதுதான். நேரம் ஒத்துப்போக வேண்டிய அவசியமே இல்லை, மொரீஷியஸ் நமக்கு 2 மணி நேரமும் மலேசியா 6 மணி நேரமும் முன்னால் இருந்தாலும் பின்னூட்டம் காத்திருக்கும். காணொளி அழைப்பில் இரண்டு வகுப்பைச் சேர்த்துவைக்க முயன்றவர்களுக்கு இந்த வசதியின் அருமை தெரியும்.

பின்னூட்டம் எழுதுவதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும், அதுவும் எழுத்துப் பயிற்சிதான். "நன்றாக இருக்கிறது" என்பதை எங்கள் வகுப்பில் ஏற்றுக்கொள்வதில்லை. எழுதியவர் சொன்ன ஒன்றை எடுத்துச் சொல்ல வேண்டும், தன்னிடம் உள்ள ஒன்றைச் சேர்க்க வேண்டும், ஒரு கேள்வி கேட்க வேண்டும். கேள்வி கேட்கத் தெரியாத பிள்ளைகளுக்கு எந்த, எப்போது, யார், ஏன் என்று பலகையில் எழுதி வைத்தால் போதும், அதிலிருந்து பிடித்துக்கொள்வார்கள்.

பிழை திருத்தம் பற்றி ஆசிரியர்களிடையே சண்டையே வருகிறது. உலகம் பார்க்கும் பக்கத்தில் பிழையோடு போடலாமா என்கிறார்கள். நான் பொருள் மாறிவிடும் பிழைகளைக் காகிதத்திலேயே பிள்ளையோடு உட்கார்ந்து திருத்துகிறேன், மற்றதை விட்டுவிடுகிறேன். "தண்ணி குடிச்சேன்" என்று ஆயா சொன்னபடியே எழுதினால் அது அப்படியே இருக்கட்டும். என் தமிழாக மாற்றி எழுதிப் போட்டால் அது என் வலைப்பதிவாகிவிடும், வந்து படிப்பவருக்கும் அது தெரிந்துவிடும்.

எந்த வகுப்புக்கு இது வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். அ, ஆ கற்றுக்கொண்டிருக்கும் கிரேடு 1, 2 பிள்ளைகளுக்குச் சுவர் போதும். வாரம் ஒரு மணி நேரம் பின்னூட்டம் பார்க்க முடியாத ஆசிரியர் தனியாக இதைத் தொடங்க வேண்டாம், கமிட்டியில் இன்னொருவர் இரண்டாம் நிர்வாகியாகச் சேர்ந்தால் மட்டும் தொடங்கலாம். ஒருவர் வீடு மாறிக் கேப்டவுனுக்கோ ஜோபர்க்குக்கோ போனால் கடவுச்சொல்லும் கூடவே போய்விடுகிற நிலைமை வரக் கூடாது என்பதற்கும் அந்த இரண்டாவது ஆள் தேவை.

பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குவதால் முதல் தவணை முழுக்கக் காகிதமும் தமிழ்99 பழக்கமும் சம்மதப் படிவமும் என்று வைத்துக்கொள்ளுங்கள், வலைப்பதிவை இரண்டாம் தவணையில் திறங்கள், நாலு வகுப்புச் சுற்றை மூன்றாம் தவணையில், ஆடிக் கூழ் வரும் நேரத்தில் வைத்துக்கொண்டால் எழுத விஷயம் தானாக வரும். டிசம்பரில் மூடுவதற்கு முன் பிளாகரின் அமைப்புப் பக்கத்தில் காப்புப் பிரதி எடுக்கும் வசதியைத் தட்டி முழுக் கோப்பையும் இறக்கி இரண்டு பேர் கணினியில் வையுங்கள், அந்த ஆண்டின் பதிவுகளை அச்செடுத்து ஒரு பிரதியை மண்டபத்திலும் ஒவ்வொரு பிள்ளை எழுதியதை அந்தந்த வீட்டிலும் கொடுத்துவிடுங்கள்.